பழைய மாத்திரை தீரும் வரை

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.
நவம்பர் 20, 2025, வியாழக்கிழமை.
தமிழுக்குக் கார்த்திகை 4. மலையாளத்துக்கு 1201 விருச்சிகம் 4.

பெருமதிப்பிற்குரிய அத்தான் தளவாய் அவர்களுக்கு, மைத்துனன் திரவியம் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மங்கலமும் உயிரோடு இருக்கிறோம். பூதப்பாண்டியில் நீங்களும் செண்பகவல்லி அக்காவும் உயிரோடும், கூடவே கொஞ்சம் சுகத்தோடும் இருக்க பத்மநாப சுவாமியை வேண்டிக்கொள்கிறேன். மேலே தேதியை மூன்று விதமாகப் போட்டிருப்பதைப் பார்த்து இவனுக்கு என்ன ஆயிற்று என்று நினைக்க வேண்டாம். காரணத்தோடுதான் போட்டிருக்கிறேன். மூன்றும் சரிதானா என்று காலண்டரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதேபோல இந்தக் கடிதத்தில் எங்கேயாவது நான் சொன்னதையே திரும்பச் சொல்லியிருந்தாலோ, ஆரம்பித்த பேச்சை முடிக்காமல் விட்டிருந்தாலோ, சிவப்பு மையில் சுழித்து மார்க் போடுங்கள். முப்பத்தைந்து வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர் நீங்கள். எனக்கு இப்போது வேண்டியது ஒரு மார்க்குதான். போனில் பேசினால் அது ஆதாரம் ஆகாது, எழுத்தில் இருந்தால்தான் ஆகும் என்பதால் தபாலில் அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் ஏழாம் தேதி சுஜித் பெங்களூரிலிருந்து வருகிறான். எங்களைப் பார்த்துவிட்டுப் போவதற்கு அல்ல, எங்களை ஏற்றிக்கொண்டு போவதற்கு. வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பதினோராவது மாடியில் கொண்டு வைக்கப்போகிறானாம். மருமகள் ஸ்ரீப்ரியா அங்கே பக்கத்திலேயே ஓர் இடமும் பார்த்து வைத்துவிட்டாள். காலையில் வேன் வந்து கிழவன் கிழவிகளை அள்ளிக்கொண்டு போய், பகல் முழுக்க வைத்திருந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டு விடுமாம். அங்கே கலர் பென்சில் தருவார்களாம். எழுபத்து நாலு வயதில் நான் உட்கார்ந்து யானைப் படத்துக்கு வர்ணம் அடிக்க வேண்டும். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பது அவன் முடிவு. அத்தான், உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, பதினொரு நாள் எனக்குப் புத்தி பேதலித்திருந்தது உண்மைதான். ஆனால் அது நோயால் வந்தது இல்லை, மாத்திரையால் வந்தது. மாத்திரையை நிறுத்தியதும் போய்விட்டது. இதை நான் சொன்னால் அவன் நம்பமாட்டேன் என்கிறான். சின்ன வயதில் கோடை லீவில் உங்களிடம் வாய்ப்பாடு படித்தவன், தளவாய் மாமா சொன்னால் இன்றைக்கும் எழுந்து நின்று கேட்பான். அவனிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று உங்களுக்குத் தெரிய, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எல்லாம் ஒன்றுக்குப் போவதில்தான் ஆரம்பித்தது. இரண்டு வருஷமாகவே எனக்கு அந்தத் தொந்தரவு உண்டு. வந்துவிட்டது என்று தோன்றினால் அடுத்த நிமிஷம் போயே ஆகவேண்டும். போய் நின்றாலோ, பைப்பைப் பூட்டின மாதிரி நாலு சொட்டோடு நின்றுவிடும். சாலைக் கடைத்தெருவில் நாற்பது வருஷம் பருப்பு மண்டியில் சரக்கு மேற்பார்வை பார்த்தவன் நான். இந்த ஊரில் எந்தக் கடையில் எந்தப் பருப்பு நல்லது என்று என்னிடம் கேட்பார்கள். இப்போது கேட்டால் எந்தக் கடைக்குப் பின்னால் கக்கூஸ் இருக்கிறது, எதற்குச் சாவி வாங்க வேண்டும் என்றுதான் சொல்லத் தெரியும். உங்கள் பேத்தி கல்யாணத்துக்கு வந்தபோது தாலி கட்டும் நேரத்தில் என்னைக் காணோம் என்று அக்கா கோபித்துக்கொண்டாள் அல்லவா, நான் எங்கே இருந்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும். மங்கலம் முட்டுவலி என்று அந்தக் கல்யாணத்துக்கே வரவில்லை.

டாக்டரைப் பார்த்தேன். ப்ராஸ்டேட் வீங்கியிருக்கிறது, வயசானால் எல்லாருக்கும் உள்ளதுதான் என்று ஒரு கேப்ஸ்யூல் எழுதினார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட வேண்டும், எழுந்திருக்கும்போது மெல்ல எழுந்திருக்க வேண்டும், பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்றார். நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் மருந்து என்றால் எனக்குக் காலையில்தான். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இந்தக் கேப்ஸ்யூல் எல்லாவற்றையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டால் பிறகு அந்த நாளுக்கு அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். அப்படி விழுங்கிய நாலாம் நாள் கோயில் குளத்துப் படியில் செருப்பைப் போடக் குனிந்து நிமிர்ந்தேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்துப் பார்த்தால் என் தலை யாரோ ஒரு பாலக்காட்டு மாமியின் மடியில். அந்த அம்மாள் என் முகத்தில் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் இரண்டு தையல். கேப்ஸ்யூலை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டேன், டாக்டரிடம் விழுந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் காலையில் சாப்பிட்டதையும் சொல்ல வேண்டும்.

வாரம் இரண்டு ஆயிற்று, பலன் இல்லை. அப்போதுதான் சுடலைக்கண்ணு வந்து சேர்ந்தான். தையல்காரன், குளத்தைச் சுற்றி என்னோடு தினமும் நடக்கிறவன், அவனுக்கும் இதே தொந்தரவு. நடக்கிறவர்கள் ஆறு பேர், ஆறு பேருக்கும் இதே பேச்சுதான், வேறு என்ன பேசுவது? அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்தான். "அண்ணாச்சி, டாக்டரு கேப்ஸ்யூலு கெடக்கட்டு. இத ஒண்ணு போட்டுப் பாருங்கோ. அஞ்சு மணிக்கூர் கக்கூஸு நம்மள விளிக்காது" என்றான். போட்டேன் அத்தான். அன்றைக்கு நான் தம்பானூரிலிருந்து கோட்டை வரை நடந்தேன், ஒரு கடையில் உட்கார்ந்து தோசை தின்றேன், ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு முழு மனிதனாக வீட்டுக்கு வந்தேன். அவன் வாங்கும் கடையிலேயே சீட்டு இல்லாமல் மூன்று மாதத்துக்கான பட்டைகளை வாங்கி வைத்துவிட்டேன். வாய் கொஞ்சம் உலர்ந்தது, வயிறு இளகவில்லை. அதெல்லாம் ஒரு விஷயமா என்று விட்டேன்.

மாதம் முடிந்து டாக்டரிடம் திரும்பப் போனபோது எப்படி இருக்கிறது என்று கேட்டார். சுடலைக்கண்ணுவின் மாத்திரையால் நன்றாக இருக்கிறது என்று படித்த மனிதரின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அவசரம் இன்னும் நிற்கவில்லை டாக்டர் என்றேன். "வேறே மருந்து வல்லதும் கழிக்குன்னுண்டோ?" என்று கேட்டார். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறேனா என்றுதான் கேட்டார், அது எனக்கு நன்றாகவே புரிந்தது. இல்லை என்றேன். அவர் அதை நம்பி, அவசரத்தை அடக்க என்று புதிதாக ஒரு மாத்திரை எழுதினார், சின்ன அளவுதான், பார்த்துக் கூட்டலாம் என்றார். வீட்டுக்கு வந்து இரண்டையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு யோசித்தேன். புதியது டாக்டர் தந்தது, அதைச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. பழையது மூன்று மாதத்துக்கு வாங்கி வைத்தது. எங்கள் மண்டியில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு, பழைய சரக்கு தீராமல் புதுச் சாக்கை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்துவிட்டால் பழையது மூலையில் கிடந்து வண்டு விழும். நாற்பது வருஷம் இதைச் சொல்லிச் சொல்லி எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். அதனால் பழையதையும் தீர்ப்பது, புதியதையும் விடாமல் சாப்பிடுவது என்று முடிவு செய்தேன். காலையில் பழையது, ராத்திரி புதியது. இதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி எனக்கு நினைவில்லை, மங்கலமும் மற்றவர்களும் சொல்லித்தான் தெரியும். ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு, வேட்டி மாற்றி, சாலைக் கடைத்தெருவுக்குப் போய் மண்டிக்குள் ஏறிவிட்டேனாம். நான் வேலையை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மண்டி போய் அந்த இடத்தில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிற கடை. கடைக்காரன் பிரஜின் நல்ல பையன், மண்டி முதலாளியின் பேரன். அவன் கடையில் உறைகள் எல்லாம் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து, "எவம்லே புது லோடைப் பிரிச்சது? பழசு அப்படியே கெடக்கு, கண்ணு தெரியலயா?" என்று கூப்பாடு போட்டேனாம். வாங்க வந்த காலேஜ் பெண்கள் ஓடிவிட்டார்கள். அவனோ, "செரி அண்ணாச்சி, பழச முதல்ல எடுத்துருதேன், நீங்க இரிங்க" என்று ஸ்டூலைப் போட்டு, டீ வாங்கித் தந்து, மங்கலத்துக்குப் போன் செய்திருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் ஒரு அறையில் தராசுக்காரன் பேச்சி உட்கார்ந்திருந்தான். மண்டியில் எடை போட்டவன், செத்து எட்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கு எனக்கு அது ஞாபகம் இல்லை. அவன் இரும்புக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்தவனுக்குக் காப்பி கொடு என்று மங்கலத்திடம் சொன்னேன். அவள் காப்பி போட்டு, "அவுகளுக்குச் சீனி எவ்வளவு?" என்று கேட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டு வைத்திருக்கிறாள். இரண்டு நாள் அப்படி வைத்தாள். ஆறிய காப்பியை அவளே குடித்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் அவளையே பார்த்து, "அம்மா, இங்க மங்கலம்னு ஒருத்தி இருப்பாளே, எங்க போயிட்டா?" என்று கேட்டிருக்கிறேன். "கோயிலுக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவா, நீங்க படுங்க" என்று சொன்னாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அடுத்த வீட்டு சுஜா சொன்னாள். அத்தான், நாற்பத்தாறு வருஷம் கூடவே இருந்தவள். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் தைரியம் வரவில்லை.

இதற்கு நடுவில்தான் சுஜித் வீடியோவில் பரீட்சை வைத்தான். கேள்விகளை ஸ்ரீப்ரியா இன்டர்நெட்டில் எடுத்து வைத்திருந்தாள். "அப்பா, இது எந்த வருஷம்?" என்று கேட்டான். ஆயிரத்து இருநூற்றொன்று என்றேன். சாலைக் கடைகளில் எல்லாக் காலண்டரிலும் கொட்டை எழுத்தில் அதுதான் போட்டிருக்கும், மலையாள வருஷம், சரியான பதில். அவன் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், இருந்தும் முகம் வெளுத்துப்போனது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னான். கழித்தேன், இரண்டுவரை கொண்டுவந்து விட்டேன், அதை அவன் எழுதிக்கொள்ளவில்லை. ஐந்து பழங்களின் பெயர் சொல்லச் சொன்னதற்கு நான் துவரை, உளுந்து, கடலை, பாசி, மொச்சை என்று சொன்னேனாம். கடிகாரம் வரையச் சொன்னதற்குத் தராசு வரைந்தேனாம். "இட்ஸ் ஓகேப்பா, டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தான். அணைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கம் அழுதிருக்கிறான். அது மங்கலத்துக்குக் கேட்டிருக்கிறது. அவன் கெட்ட பிள்ளை இல்லை அத்தான். பயந்த பிள்ளை. அன்றைக்கே டிசம்பர் ஏழுக்கு டிக்கெட் போட்டுவிட்டான்.

ஐந்தாம் நாள் எனக்கு ஜலதோஷம் பிடித்தது. தும்மல் நிற்கவில்லை என்று நானே தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ஜலதோஷ மாத்திரை நாலு வாங்கி, காலையிலும் மத்தியானமும் போட்டேன். மூக்கு நின்றது. சாயங்காலம் பார்த்தால் ஒன்றுக்குப் போவதும் நின்றுவிட்டது. இத்தனை நாளாக எதை நிறுத்து நிறுத்து என்று மருந்து தின்றேனோ அது ஒரேயடியாக நின்றுவிட்டது. அடிவயிறு கல்லாகிவிட்டது. அந்த வலியை நான் எழுதமாட்டேன், அக்கா படிப்பாள். சுஜா வீட்டுக்காரன் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஒரு டியூப் போட்டார்கள். முக்கால் வாளி வந்ததாம். வந்ததும் நான் நர்ஸ் பெண்ணுக்கு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, உனக்கு நூறு மூட்டை பருப்பு அனுப்புகிறேன் என்று சொன்னேனாம்.

அங்கேதான் எலிசாள் வந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பிரிவில் பெரிய பொறுப்பில் இருப்பவள், ஐம்பது வயது இருக்கும், விழிஞ்ஞம் பக்கத்துக்காரி. மங்கலத்திடம், "அம்மே, அப்பூப்பன் திங்குற மருந்து ஒண்ணு விடாம ஒரு சஞ்சியில கொண்டு வரணும். கடையில வாங்கினது, கூட்டுக்காரன் தந்தது, எண்ணெ, லேகியம் எல்லாம்" என்றிருக்கிறாள். மங்கலம் மண்டிப் பையை நிறைத்துக் கொண்டுவந்தாள். எலிசாள் என் கட்டில்மேல் செய்தித்தாளை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடியைத் தூக்கி எழுத்தைப் படித்துப் படித்து வரிசையாக வைத்தாள். கடைசியில் சுடலைக்கண்ணுவின் பட்டையையும் டாக்டரின் பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அப்பூப்பா, இது ரெண்டும் ஒண்ணு தன்னே. கம்பெனி வேற, பேரு வேற, உள்ள உள்ளது ஒண்ணு. கூட்டுக்காரன் தந்தது ரெட்டி அளவு, அதனால ஒரே மருந்த நீங்க மூணு பங்கு தின்னுருக்கீங்க" என்றாள். ஒன்றுக்கு வருவதைப் பிடித்து நிறுத்துகிற மருந்து வயசானவர்களுக்குப் புத்தியையும் பிடித்துவிடுமாம், ஜலதோஷ மாத்திரையும் அதே வேலையைச் செய்யுமாம், வீங்கின ப்ராஸ்டேட்டோடு அது சேர்ந்தால் மடையே அடைத்துவிடுமாம். "டாக்டர் கேட்டப்ப சொல்லியிருக்கணும்" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரே துவரம்பருப்பை மூன்று சாக்கில் போட்டு மூன்று பெயரில் விற்ற மண்டியில் நாற்பது வருஷம் இருந்தவன் நான். அந்த வித்தையை வருகிறவனுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். மாத்திரைக்காரனும் அதைத்தான் செய்வான் என்று எனக்குத் தோன்றவில்லையே.

எலிசாள் வேண்டாத பட்டைகளை எல்லாம் ஒரு கவரில் போட்டு முடிந்து மங்கலத்தின் கையில் கொடுத்தாள். "இது கடையில திருப்பிக் கொடுத்துருங்க அம்மே, வீட்டுல வைக்கண்டா" என்றாள். மிச்சம் எனக்கு மூன்றே மருந்து, எதை எப்போது என்று பெரிய எழுத்தில் எழுதிய ஒரு தாள். அந்தத் தாளை எந்த டாக்டரிடம் போனாலும் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் நீட்ட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நாலாம் நாள் டியூபை எடுத்தார்கள். ஆறாம் நாள் காலையில் கட்டில் ஓரத்தில் பேச்சி இல்லை. அவன் செத்துப்போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது, இரண்டாவது தடவையாக அழுதேன். ஒரு மாதம் ஆகிறது அத்தான், இப்போது தெளிவாக இருக்கிறேன். அவசரம் முழுக்கப் போகவில்லை, அது இருக்கட்டும், இரண்டு மணிக்கு ஒரு தடவை நானாகவே போய்விடுகிறேன், எலிசாள் சொன்ன வழி.

ஆனால் சுஜித் கேட்கமாட்டேன் என்கிறான். "இப்ப நல்லாத்தான் இருப்பீங்கப்பா, திரும்ப வந்தா அங்க யார் இருக்கா?" என்கிறான். யார் இருக்கிறார்கள் என்றால்? மங்கலம் இருக்கிறாள். எலிசாள் எழுதிய தாளைக் காலையில் படித்து எடுத்துத் தருகிறவள் அவள். எனக்கு நாளைக்கே உண்மையான மறதி வந்தாலும் அவள் ஞாபகம் இரண்டு பேருக்குப் போதும். யார் வீட்டுக் குழந்தைக்கு எப்போது பிறந்தநாள், எந்தக் கடையில் என்றைக்குப் புளி வாங்கினோம், எல்லாம் அவளுக்குத் தெரியும். இந்த ஒரு மாதமாக அவள் முட்டுவலிகூடக் குறைந்து, சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். பத்மநாப சுவாமி கடலாட எழுந்தருளும் ஐப்பசி ஆறாட்டுக்கு சுஜாவோடு போய்க் கோட்டை வாசலில் மூன்று மணி நேரம் நின்று சுவாமி பார்த்துவிட்டு வந்தாள். மூன்று வருஷமாக அவள் கோயில், விசேஷம் என்று படி தாண்டவில்லை, தெரியுமா? அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்ப் பதினோராவது மாடியில் எதற்குப் பூட்ட வேண்டும்? இதைத்தான் நீங்கள் அவனிடம் சொல்ல வேண்டும். உன் அப்பனுக்குப் புத்தி சரியாக இருக்கிறது, கடிதம் கையில் இருக்கிறது, டிக்கெட்டை ரத்துசெய்யடா என்று ஒரு வரி. அவன் கேட்பான்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் பெரியவர்கள் ஆசியும் பிள்ளைகள் சத்தமும் குறையாமல் இருக்கட்டும். உங்களுக்கும் இந்தத் தொந்தரவு இருந்தால் என்னிடம் கேட்காமல் டாக்டரிடம் கேளுங்கள், சாப்பிடுவதை எல்லாம் அவரிடம் சொல்லுங்கள். வழக்கம்போல கீழே அக்காவுக்கு மங்கலம் இரண்டு வரி எழுதுவாள்.

இப்படிக்கு,
தெளிந்த புத்தியுடன்,
திரவியம்

மைனிக்கு மங்கலம் எழுதுகிறது. நாங்கள் சுகம். அத்தைக்கு முட்டுவலி இப்ப எப்படி இருக்கு? வரும்போது காயத்திருமேனி எண்ணெய் கொண்டு வாரேன், தேச்சு விடுங்க. அத்தைக்கிட்ட நான் கேட்டேன்னு சொல்லணும்.

பின்குறிப்பு: அத்தான், மேலே நான் எழுதியதை விட்டுவிடுங்கள். சுஜித்திடம் ஒன்றும் பேச வேண்டாம்.

கவரில் போடும் முன்பு மங்கலம் எழுதியதைப் படித்தேன். அவசரத்தில் எழுதிவிட்டாள் என்று சிரித்துக்கொண்டு, எந்த அத்தைக்கு எண்ணெய் என்று கேட்டேன். "நம்ம அத்தைக்குத்தான். நேத்து போன்ல பேசும்போதும் நோவுதுன்னுதான் சொன்னாவ" என்றாள். அம்மா போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. சொல்லும்போது அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வார்த்தை பிரியவில்லை. உதடு வெடித்திருந்தது. அந்த உதட்டை நான் கண்ணாடியில் பதினொரு நாள் பார்த்திருக்கிறேன். எலிசாள் தந்த கவர் எங்கே என்றேன். பீரோவில் சேலைகளுக்கு அடியிலிருந்து எடுத்துவந்தாள். ஒன்றரைப் பட்டைதான் மிச்சம்.

"எனக்கும் மூணு வருஷமா இருக்கு. இருமினா, சிரிச்சா, நனஞ்சுரும். யாருக்கிட்ட சொல்ல? அதான் எங்கயும் வரமாட்டேன்னு முட்டுவலின்னு சொன்னேன். ஒங்களுக்கு அடங்குனத பாத்தேன். ரெண்டு பேரும் ஒரே சோத்தத்தானே திங்கோம்னு எடுத்துப் போட்டேன். ஆறாட்டுக்கு மூணு மணிக்கூர் நின்னேன், ஒரு சொட்டு இல்ல" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மூன்று வருஷம் இதே வீட்டில் இருந்துகொண்டு என் மூத்திரத்தைத் தவிர வேறு எதையும் நான் கவனிக்கவில்லை அத்தான்.

எலிசாளுக்குப் போன் செய்தேன். "பேடிக்கண்டா, பயப்படாதீங்க, இப்பவே கூட்டிட்டு வாங்க, சஞ்சியும் கொண்டு வாங்க" என்றாள். என்னைப் போல இவளும் தெளிந்து திரும்பி வருவாளா என்று நான் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றுதான் சொன்னாள். சுஜித்தைக் கூப்பிட்டேன். ஏழாம் தேதி வரை காத்திருக்காதே, இன்றைக்கே கிளம்பி வா, எங்களை எங்கே வேண்டுமானாலும் கொண்டு வை என்று சொல்லிவிட்டேன்.

வாசலில் ஆட்டோ நிற்கிறது. மங்கலம் சேலை மாற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்கிறாள். எனக்குத்தான், துணைக்கு வா என்று சொல்லியிருக்கிறேன்.